கதவுக்கு என்ன அர்த்தம்?

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பழத்தைக் கையில் கொடுத்தால் கொட்டை எங்கே என்று கேட்கும். பாட்டைப் போட்டால் தலையை ஆட்டாமல் புருவத்தைத் தூக்கும். சினிமாவுக்குக் கூட்டிப்போனால், திரையில் மழை கொட்டும்போது நாமெல்லாம் வாயைப் பிளந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்போம், அது மட்டும் நம் தோளில் சாய்ந்து, "இது மழை இல்ல, தெரியுதா?" என்று காதுக்குள் ஊதும். மழை இல்லை என்றால் என்ன? அதைத் தெரிந்துகொள்ள நீங்கள் படத்தின் மீதியை இழக்கத் தயாராக இருக்க வேண்டும்.

இந்த இனத்துக்கு உள்ளர்த்தக்காரர் என்று பெயர். ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு, வாடகை வீட்டிலும் சொந்த வீட்டிலும் உண்டு. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஓவியக் கண்காட்சியில், படத்திலிருந்து நன்றாகத் தள்ளி, அதாவது பின்னால் வருகிற யாருக்கும் படம் தெரியாத இடமாகப் பார்த்து, மோவாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் யாரோ அவரேதான். "ம்ம்ம்" என்று ஓர் ஓசை வரும். கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கும் அந்த ஓசை. நாட்டியக்காரி காலைத் தூக்கினால், "எதிர்ப்பு" என்பார். இறக்கினால், "சமரசம்". வழுக்கி விழுந்தாளா? "அடடா, அதுதான் உச்சம்!"

பக்கத்து வீட்டுக் குழந்தை மாடு வரைந்து நீலக்கலர் அடித்திருந்தது. அந்தப் படம் நம்மவர் கையில் கிடைத்தது. 

"ஏன் கண்ணு, மாடு நீலமா இருக்கு?"

"பிரவுன் தீர்ந்துபோச்சு."

உள்ளர்த்தக்காரர் இதற்கெல்லாம் அசருவாரா? குழந்தைக்குத் தெரியாது, ஆனால் நீலத்துக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் நீலத்தின் தனிமையைப் பற்றிப் பேசினார். குழந்தை தூங்கிவிட்டது. மாடும் தூங்கியிருக்கும், கண்ணை மூடுகிற மாதிரி வரைந்திருந்தால்.

இந்த இனத்தை மொத்தமாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. ஒருவனைப் பிடித்து மேசையில் வைத்துப் பார்ப்போம். இவனுக்கு ஊரில் "ஆழம்" என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு; அது இப்போது மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருக்கிறது. எதை எடுத்தாலும் "ஆழமா பார்த்தா" என்று ஆரம்பிப்பான். அதனால் ஆழம். கல்லூரியில் தத்துவம் படிக்கச் சேர்ந்தான். முதல் பரீட்சை முடிந்ததும் தத்துவம் வேறு பக்கமாகவும் இவன் வேறு பக்கமாகவும் நடந்துபோய்விட்டார்கள். ஆனால் பிரிந்துபோன காதலியின் கைக்குட்டையை வைத்திருக்கிற மாதிரி சில சொற்களை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டான். இருப்பு, இன்மை, அந்நியமாதல், வெறுமை. இவற்றை மாற்றி மாற்றி அடுக்கினால் எந்தக் கலையையும் விளக்கிவிடலாம் என்பது அவன் அனுபவம். சோப்பு விளம்பரத்தைக் கூட.

வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். சுவரில் எழுத்து அட்டை தொங்கும்; மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. ஒரு பெரியவர் தடுமாறிக்கொண்டிருந்தார். ஆழம் அவர் தோளில் கைவைத்து, "கடைசி வரி தெரியலைன்னு கவலைப்படாதீங்க ஐயா. ஆழமா பார்த்தா, வாழ்க்கையோட கடைசி வரி யாருக்குமே தெரியாது" என்றான்.

"தம்பி, எனக்கு முதல் வரியே தெரியலை."

கடை முதலாளி அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இதோ பாரு, மனுஷனுக்கு எதிர்ல இருக்கறதைத் தெளிவாக் காட்டறதுதான் நம்ம பொழப்பு. பின்னாடி இருக்கறது நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல."

சரி, பையன் ஏன் இப்படி ஆனான்? இங்கே கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். சத்தம் போட்டுச் சொல்ல முடியாது; தெரிந்தால் கோபித்துக்கொள்வான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே எதைப் பார்த்தாலும் அழுகை வரும். பாட்டுக்கு அழுவான். பொம்மலாட்டத்தில் பொம்மை செத்துப்போனதற்கு அழுதான். அடுத்த காட்சியில் அதே பொம்மையை வேறு சட்டை போட்டுக் கொண்டுவந்தபோது, உயிரோடிருக்கிறதே என்று அதற்கும் அழுதான். பள்ளிக்கூடத்தில் "குழாய்" என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் தற்செயலாக அந்த உபாயத்தைக் கண்டுபிடித்தான். தொண்டையில் ஏதோ உருண்டு மேலே வருகிறதா? சட்டென்று ஒரு வாக்கியம் சொல். நீளமான வாக்கியமாக இருந்தால் நல்லது. வாக்கியம் வெளியே போகிற வழியில் உருண்டை உள்ளே போய்விடும். இரண்டுக்கும் ஒரே பாதைதானே!

தத்துவம் பொல்லாதது என்று யார் சொன்னது? குடையும் நல்லதுதான். குளிக்கும்போது பிடித்துக்கொண்டு நின்றால்தான் சிக்கல்.

இவனுக்கு ஓர் அக்கா. தண்ணீர் வாரியத்தில் புகார் கேட்கிற தொலைபேசி மேசையில் வேலை. நாள் முழுக்க ஊரே அவள் காதுக்குள் "தண்ணி வரலை, தண்ணி வரலை" என்று கத்தும். அவளுக்கு மனிதர்கள் பேசுவது அப்படியே மனசில் படிந்துவிடும். விடுமுறை நாளில் சைக்கிள் கடை மாடியில் கூடுகிற ஒரு சின்ன நாடகக் குழுவில் அவளும் உண்டு. இதுவரை அடுத்தவர்கள் எழுதியதில் நடித்துக்கொண்டிருந்தவள், இந்தத் தடவை தானே ஒன்று எழுதினாள். அப்பாவைப் பற்றி.

அப்பா போன வருஷம் போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டிக்கொள்கிற உடம்பு. கடைசி வருஷங்களில் முன்னறை நாற்காலியில், வாசல்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். யார் வந்தாலும், என்ன சேதியோடு வந்தாலும், முதலில் ஒரே வார்த்தை: "கதவைச் சாத்திட்டு வா, காத்து வருது." அக்கா வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஓடிவந்தாள்: "கதவைச் சாத்திட்டு வா, காத்து வருது." ஆழம் கல்லூரியை விட்டுவிட்டதைச் சொல்ல, வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்து நின்றான்: "கதவைச் சாத்திட்டு வா, காத்து வருது." முதலில் கதவு, அப்புறம்தான் வாழ்க்கை. 

அந்தக் குரலை ஆழம் அச்சு அசலாகப் பேசுவான். உள்ளறையில் ஒளிந்துகொண்டு அப்பா குரலில் கத்துவான். அக்கா எழுந்துபோய்ச் சாத்தியிருக்கிற கதவையே இன்னொரு தடவை சாத்துவாள். ஒரு தடவை அப்பாவே ஏமாந்து, "சாத்தித்தாம்பா இருக்கு" என்று பதில் சொன்னார். சொல்லிவிட்டு, "எவன்டா அது, என் தொண்டையைத் திருடினவன்?" என்று இருமி இருமிச் சிரித்தார்.

அவர் போன பிறகு வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. அம்மாவோ அக்காவோ இவனோ, வருகிறவர்கள் தாங்களே கதவைச் சாத்திவிடுவார்கள். சத்தமே வராமல்.

நாடகத்தை எழுதி முடித்ததும் அக்கா காகிதங்களைத் தம்பியிடம்தான் முதலில் கொடுத்தாள். சமையலறையில் நின்றபடியே படித்தான். அதில் ஒரு மகள் ஒவ்வொரு காட்சியிலும் ஒரு சேதியோடு வீட்டுக்குள் வருகிறாள். அப்பா ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்தச் சொல்கிறார். கடைசிக் காட்சியில் வருகிறாள், நாற்காலி காலி. கதவைத் திறந்து போட்டுவிட்டு நிற்கிறாள். யாரும் சாத்தச் சொல்லவில்லை. கடைசியில் அவளே அந்த வரியைச் சொல்லி, அவளே சாத்துகிறாள். அவ்வளவுதான் நாடகம்.

ஆழத்துக்குத் தொண்டையில் உருண்டை கிளம்பிவிட்டது. 

"எப்படிடா இருக்கு?"

"ஆழமா பார்த்தாக்கா, இந்தக் கதவுங்கறது இருப்புக்கும் இன்மைக்கும் நடுவுல..."

"டேய். அது நம்ம வீட்டுக் கதவுடா."

"அது சரி. ஆனா பார்க்கறவனுக்கு..."

"பார்க்கறவனை விடு. உனக்கு எப்படி இருந்துச்சு?"

"அமைப்பு நல்லாருக்கு."

அக்கா காகிதங்களை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். அப்பாவின் குரலை உள்ளபடி தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான். அதில் ஒருத்தன் அமைப்பைப் பற்றிப் பேசுகிறான். அக்கா முறத்தை இழுத்து அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள்.

ஒத்திகை ஆரம்பித்தது. அப்பா வேஷம் சலூன்காரருக்கு. அவர் நடிப்பில் மன்னன், மனப்பாடத்தில் பூஜ்யம். கதவைச் சாத்தச் சொல்கிற அந்த ஒரு வரி, திரும்பத் திரும்ப வருவதால், அவருக்கு ஒட்டிக்கொண்டது. மற்றதெல்லாம் திரைக்குப் பின்னாலிருந்து யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். "சேர்ல உக்காந்தவர் என்ன சொன்னாலும் ஆமாம்னு திருப்பிச் சொல்லிச் சொல்லியே பழகிட்டேம்மா. நீங்க சொல்லுங்க, நான் சொல்றேன். என் வாயை வாடகைக்கு விட்டாச்சு" என்பார். காதில் விழுவதை அப்படியே, யோசிக்காமல், உணர்ச்சியோடு சொல்லிவிடுவார். அது அவருடைய திறமை. அதுவே வினையாகப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஆழம் ஒத்திகையில் சும்மா உட்கார்ந்திருக்கத்தான் வந்தான். உள்ளர்த்தக்காரரால் சும்மா உட்கார முடியுமா? 

"போர்வையை எந்தக் கையால எடுக்கட்டும்?" என்று கேட்டார் சலூன்காரர்.

"எந்தக் கைங்கறது முக்கியமில்லீங்க. எடுக்கறதே ஒரு இழப்பு."

சலூன்காரர் அன்றைக்கு முழுக்கப் போர்வையைத் தொடவே இல்லை. பாவம், எதையாவது இழந்துவிடுவோமோ என்று பயந்துவிட்டார்.

அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். இவனைத் துரத்தினால் வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடம் விளக்குவான். அதைவிட, வாய்க்கு ஒரு வேலை கொடுத்துவிடலாம். "நீதான் வரி எடுத்துக் கொடுக்கற. திரைக்குப் பின்னாடி உக்காரு. வாயைத் திறந்தா எழுதியிருக்கற வரி வரணும். வேற எதுவும் வரக் கூடாது."

அவனிடமிருந்த பிரதியில் ஏற்கனவே எறும்புப் புற்று மாதிரிக் குறிப்புகள் மண்டிக் கிடந்தன. வரி எது, வியாக்கியானம் எது என்று பிரிக்க முடியவில்லை. அக்கா உட்கார்ந்து வசனம் முழுவதையும் புதிதாக, சிவப்புப் பேனாவில் எழுதிக் கொடுத்தாள். "சிவப்புல இருக்கறது வாய்க்கு. கறுப்புல நீ கிறுக்கறதெல்லாம் உன் வயித்துக்குள்ளயே இருக்கட்டும். புரியுதா?"

"சிவப்புங்கறது ஆழமா பார்த்தா..."

"புரியுதா?"

"புரியுதுக்கா."

புரிந்தது. இருந்தாலும் ஓரத்தில் இடம் இருந்தது. இடம் இருந்தால் விட முடியுமா? கறுப்பு மையில், பொடியாக, பிறகு அவ்வளவு பொடியாக இல்லாமல், குறிப்பு மேல் குறிப்பாக ஏறிக்கொண்டே போனது. சைக்கிள் கடை மாடியில் பட்டப்பகலில் ஒத்திகை. சிவப்பு சிவப்பாகத் தெரிந்தது, கறுப்பு கறுப்பாகத் தெரிந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒன்றைத் தவிர. கடைசி வரி வருகிற இடத்தில் அக்கா ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவாள். "இதை அன்னிக்குச் சொல்லிக்கறேன்" என்று கீழே இறங்கிவிடுவாள். யாரும் கேட்கவில்லை. ஆழத்துக்குத் தெரியும், ஏன் என்று. தெரிந்ததால் இன்னும் நீளமாக ஒரு குறிப்பு எழுதினான்.

நாடகத்தன்று மாலை. நூலகத்து மாடி அரங்கம். அம்மா முன் வரிசையில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நாடகம் எதைப் பற்றி என்று அக்கா அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஆழம் திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, பிரதியைத் தொடையில் விரித்தான். விளக்குகள் அணைந்தன. மேடைக்கு வெளிச்சம் கசியக் கூடாது என்பதற்காகத் திரைக்குப் பின்னால் எப்போதும் போடுகிற சின்ன பல்பு எரிந்தது.

சிவப்பு பல்பு.

சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை தெரியாது. மாயமாக மறைந்துவிடும். கறுப்பு மட்டும் பளிச்சென்று நிற்கும். இது யாருக்குத் தெரியாவிட்டாலும், சிவப்புக் கண்ணாடி பச்சைக் கண்ணாடி மாட்டிப் பார்வை சோதிக்கிற கடையில் வேலை பார்ப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நம்மவன் எந்தக் காலத்தில் கண்ணுக்கு எதிரில் இருப்பதைப் பார்த்தான்? குனிந்து பார்த்தான். அக்கா எழுதிய வசனம் ஒரு வரி இல்லை. பக்கம் முழுக்க அவனே இருந்தான்.

வரிகளை மனசிலிருந்து சொல்லலாமே என்று கேட்பீர்கள். இத்தனை ஒத்திகை பார்த்தவனாயிற்றே! வரிகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வரி எப்படி ஞாபகம் இருக்கும்?

முதல் காட்சி. அக்கா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். "அப்பா! வேலை கிடைச்சிருச்சுப்பா!"

"கதவைச் சாத்திட்டு வா, காத்து வருது" என்றார் சலூன்காரர், பிரமாதமாக. கதவு சாத்தப்பட்டது. அடுத்த வரிக்காக அவர் காதைத் திரைப்பக்கம் லேசாகச் சாய்த்தார். 'மத்தியானம் சாப்பாடு கட்டிக்கிட்டுப் போவியா?' என்று வர வேண்டும். ஆழத்துக்கு வியர்த்தது. எதையாவது சொல்ல வேண்டுமே. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

சலூன்காரர் மகளை வாஞ்சையாகப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். "உழைப்பு என்பது, மனிதன் தன்னிடமிருந்து தானே அந்நியமாவது" என்றார்.

அக்கா வாய் திறந்தபடி நின்றாள். புகார் மேசையில் உட்கார்ந்து எவ்வளவோ கேட்டவள் அல்லவா, சமாளித்துக்கொண்டாள்.

"அப்பா, மாத்திரை போட்டீங்களா?"

கூரை கிழிய ஒரு சிரிப்பு. ஆழம் பக்கத்தைப் புரட்டினான். அங்கேயும் கறுப்பு. சலூன்காரரின் காது மறுபடி சாய்ந்தது. ஆழம் கெஞ்சுகிற குரலில், "இங்கே நீண்ட மௌனம்" என்று படித்துத் தொலைத்தான்.

"இங்கே நீண்ட மௌனம்" என்றார் அப்பா கம்பீரமாக, காலை ஆட்டிக்கொண்டே.

"சரிப்பா. மௌனம் முடிஞ்சதும் கூப்பிடுங்க. நான் உள்ள போய் முகம் கழுவிட்டு வரேன்."

உள்ளே வந்த அக்கா அவனைப் பார்த்த பார்வைக்கு உள்ளர்த்தம் எதுவும் இல்லை. வெளி அர்த்தமே தாராளமாகப் போதுமானதாக இருந்தது. அவன் காகிதத்தைத் தூக்கிக் காட்டினான், பல்பைக் காட்டினான், தன் தலையில் அடித்துக்கொண்டான். அதற்குள் அடுத்த காட்சி. அதிலும் வெறுமை வந்தது, இன்மை வந்தது. ஒவ்வொன்றுக்கும் அக்கா ஒரு பதில் வைத்திருந்தாள். "அப்பா, டாக்டர் ரொம்ப யோசிக்க வேண்டாம்னு சொன்னாரில்ல?" ஜனங்கள் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திரை இடுக்கு வழியாக ஆழம் பார்த்தான். அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அம்மா சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! ஆனாலும் அவனுக்கு உள்ளே எல்லாம் இடிந்துகொண்டிருந்தது. அக்கா இதையா எழுதினாள்? சிரிக்கவைத்தது அவள் நாடகம் இல்லை, அவனுடைய கிறுக்கல். அப்பாவுக்கு அவள் எழுதியதில் அந்தக் கதவு வரியைத் தவிர ஒன்றுகூட மேடைக்குப் போய்ச் சேரவில்லை. இனி இருப்பது கடைசிக் காட்சி மட்டும்தான்.

சலூன்காரர் வேஷத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மேடையில் காலி நாற்காலி.

அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கதவைத் திறந்தபடியே விட்டாள். நாற்காலியைப் பார்த்தாள். நின்றாள்.

சிரித்துப் பழகிய ஜனங்கள் சிரிக்கத் தயாராகக் காத்திருந்தார்கள். ஒரு சிரிப்புகூடத் தொடங்கியது. தொடங்கி, தானே வெட்கப்பட்டு நின்றுவிட்டது. அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இப்போது அவள் அந்த வரியைச் சொல்ல வேண்டும். உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை. யாரோ இருமினார்கள். அக்கா கழுத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் திரைப்பக்கம் திருப்பினாள்.

சலூன்காரர் கிசுகிசுத்தார்: "தம்பி, வரி எடுத்துக் கொடு."

ஆழம் குனிந்தான். சிவப்பு வெளிச்சத்தில், அந்தப் பக்கத்தில், அவன் கையெழுத்து: 'இன்மையின் இருப்பு. இங்கே விரிவாகப் பேசலாம்.' விரிவாகப் பேசலாமாம்! தொண்டையில் உருண்டை கிளம்பியது. பழக்கதோஷத்தில் ஒரு வாக்கியத்தைத் தேடினான். நீளமானதாக ஏதாவது. கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த சொற்களையெல்லாம் உதறிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. உருண்டை மேலே வந்துகொண்டே இருந்தது. அது வெளியே வந்தபோது அவன் குரலில் வரவில்லை.

"கதவைச் சாத்திட்டு வா, காத்து வருது."

கிசுகிசுப்பாக இல்லை. சத்தமாக, நெஞ்சுச் சளியோடு, முன்னறை நாற்காலியிலிருந்து வாசல் வரைக்கும் எட்டுகிற சத்தத்தில்.

முன் வரிசையில் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். நின்று, சுற்றிலும் பார்த்து, மெதுவாக உட்கார்ந்தாள். அக்காவின் தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. போனாள். கதவைச் சாத்தினாள். கொக்கி விழுகிற சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

"சாத்திட்டேம்ப்பா" என்றாள். அது எழுதப்பட்ட வரி இல்லை.

திரை விழுந்தது. சலூன்காரர் ஆழத்தைப் பார்த்தார், தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டார். தொழில் சுத்தம், காதுக்குப் பின்னால்கூட விடவில்லை.

கைதட்டல் ஓய்ந்து, மாடிப்படியில் எல்லாரும் இறங்கிக்கொண்டிருக்கும்போது, தாடியும் தோள்பையுமாக ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். மோவாயைப் பிடித்திருந்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இனம் இனத்தைத்தானே சேரும்.

"அபாரம்மா! 'இங்கே நீண்ட மௌனம்'னு அந்தப் பாத்திரமே சொல்லுது பாருங்க, அந்த இடத்துல நாடகம் தன்னைத்தானே உடைச்சுக்குது. தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

"சத்தியமாத் தெரியாதுங்க" என்றாள் அக்கா.

"அதான்! அதான்! சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தக் கதவுக்கு என்ன அர்த்தம்?"

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். சலூன்காரரும் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க யாராவது ஒருத்தர் கேட்கமாட்டார்களா என்று ஆழம் ஏங்கிக் கிடந்த கேள்வி. தாடிக்காரர் கண்ணில் அப்படி ஒரு பசி. மாடிப்படி முழுக்க ஆட்கள். இதைவிட நல்ல நேரம் இனி வாய்க்குமா? அவன் நாக்கு ஒரு தடவை துடித்தது.

"எங்க அப்பாவுக்குக் காத்து ஆகாதுங்க" என்றான்.

தாடிக்காரர் நெடுநேரம் அவனையே பார்த்தார். "ம்ம்ம்..." வாளி இறங்கியது. இறங்கிக்கொண்டே போய்த் தரை தட்டியது. 

"ஆழம்!" என்றார்.

நம் பேர் இவருக்கு எப்படித் தெரியும் என்று பையன் திகைத்துவிட்டான்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா முன்னால் போனாள். அக்கா தம்பியோடு சேர்ந்து நடந்தாள். அப்புறம், அன்றைக்குச் சமையலறையில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"எப்படிடா இருந்துச்சு?"

"அழுகை வந்துச்சுக்கா."

"ஆழமா பார்த்ததாலயா?"

"இல்லக்கா. சும்மா பார்த்ததுக்கே."

அக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலிக்கிற குட்டு. வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

பையன் திருந்திவிட்டான் என்று முடித்தால் உங்களுக்கும் திருப்தி, எனக்கும் வேலை மிச்சம். ஆனால் மறுநாளே கடையில் ஓர் அம்மாள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "எல்லாம் ரொம்பத் தெளிவாத் தெரியுதுப்பா" என்றபோது, "தெளிவுங்கறது ஆழமா பார்த்தா..." என்று ஆரம்பித்துவிட்டான். முதலாளி இருமினார். நிறுத்திக்கொண்டான். நிறுத்திக்கொள்கிறான் பாருங்கள், அதுதான் முன்னேற்றம். இந்த இனத்துக்கு மருந்து கிடையாது; இடைவேளை உண்டு.

உங்களுக்கு அந்த நோய் இல்லை, தெரியும். இவ்வளவு நேரம் அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்தீர்கள்; நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். இருந்தாலும் ஒரு கேள்வி. சிவப்பு வெளிச்சத்தில் அக்கா எழுதியது மறைந்து தம்பி எழுதியது மட்டும் தெரிந்தது என்று படித்தீர்களே, அப்போது, "ஓகோ, இதற்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது" என்று புருவம் லேசாக மேலே போகவில்லை? காலி நாற்காலி வந்ததும் மோவாய்க்குக் கை போகவில்லை? கொக்கி விழுந்த சத்தம் எதைக் குறிக்கிறது என்று, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசிக்கவில்லை? சத்தியமாக? அதை இங்கேயே விளக்கி ஒரு பத்தி எழுத என் கையும் பரபரக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

யோசித்தீர்கள், இல்லையா? அதனாலென்ன, வெட்கப்படாதீர்கள். நாம் நிறையப் பேர் இருக்கிறோம், உள்ளே இடமும் தாராளமாக இருக்கிறது. வாருங்கள்.

வரும்போது கதவைச் சாத்திட்டு வாங்க, காத்து வருது.